மாரியாத்தாள் பேரில் ஒரு பிடி மண்

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகள் கார்த்திகாவுக்கு ஆவணியில் கல்யாணம். எங்கள் வழக்கத்தில், பத்திரிகை அடிப்பதற்கு முன்னால், குடும்பத்தில் வாழ வேண்டிய வயதில் இறந்துபோன பெண்ணை வீட்டுக்கு அழைத்துச் சேலை வைத்துக் கும்பிட வேண்டும். என் மனைவி கல்பனாவைப் பெற்ற வெள்ளத்தாய் அப்படிப் போனவர். கல்பனா பால் குடிக்கும் குழந்தையாக இருந்தபோது, ராஜபாளையத்துக்குத் தெற்கே சோழபுரம் தாண்டி ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கையில், ஓடுகிற பெல்ட்டில் பின்னல் சிக்கி இறந்தார்.

அப்படி இறந்தவர்கள் தாமாக வீடு வந்து சேர மாட்டார்கள். இறந்த இடத்துக்குப் போய், பேர் சொல்லிக் கூப்பிட்டு, அங்கே ஒரு பிடி மண் எடுத்து வர வேண்டும். பிடிமண் என்போம். எடுத்தவர் வீட்டு வாசல் வரைக்கும் வாய் திறக்கக் கூடாது. மண்ணை வழியில் எங்கும் இறக்கி வைக்கவும் கூடாது. வெள்ளத்தாய்க்கு இதை யாரும் செய்யவில்லை. கல்பனாவின் அப்பா கருத்தையா உயிரோடு இருந்தவரை மில் என்ற பேச்சையே வீட்டில் எடுக்க விடமாட்டார்.

மில் மூடிப் பல வருஷமாகிறது. இப்போது இடத்தையும் விற்றுவிட்டார்கள், அடுத்த வாரம் இடிக்கப் போகிறார்கள், அதற்குள் ஆடி வெள்ளிக்கிழமை பழைய தொழிலாளிகள் உள்ளே இருக்கும் சாமிக்குக் கடைசிப் பொங்கல் வைக்கக் கேட்டைத் திறந்துவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். அந்தச் சாமியே மெஷினில் சிக்கி இறந்த ஒரு பெண்தான் என்று சொன்னதும் கல்பனா கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டாள்.

"எங்கம்மாதாங்க அது. வேற யாரு? இடிச்சுப் போட்டாகன்னா பொறவு எங்க போய் மண்ணெடுக்க?"

கூட்டிப் போக வேண்டியவர் என் அத்தை. வெள்ளத்தாயின் உடன்பிறந்த தங்கை அவர். அக்கா இறந்த பிறகு கருத்தையாவுக்கே வாழ்க்கைப்பட்டு, கல்பனாவை வளர்த்தவர். கல்பனாவுக்குச் சித்தி. சுந்தரபாண்டியத்திலிருந்து முதல் நாளே எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் மில்லுக்கு வர மட்டும் மாட்டேன் என்றார்.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க மாப்பிள்ள. நான் எதுக்கு?"

"எடத்தக் காட்டணும்ல சித்தி?" என்றாள் கல்பனா.

"நான் எங்கட்டி உள்ள போனேன், எடத்தக் காட்ட? கேட்டுக்கு வெளிய கூட நின்னதில்ல."

"அப்ப எங்கம்மா வீட்டுக்கு வரவேண்டாம், அப்படித்தான?"

அத்தை எழுந்து படுக்கப் போய்விட்டார். ஆனால் காலையில் நாங்கள் எழுந்து பார்த்தபோது குளித்து, தலை முடிந்து, செருப்புப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

ராஜபாளையம் போய் அங்கிருந்து டவுன் பஸ் பிடித்தோம். மில் ஸ்டாப் என்று டிக்கெட் கேட்டதும் கண்டக்டர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"மில்லே போயிருச்சு, ஸ்டாப்பு மட்டும் இருக்கு. பொங்கலுக்கா போறீக? திரும்பி வாரப்ப எனக்கும் ஒரு தூக்குச் சட்டியில கொண்டாங்க."

அத்தை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. உள்பக்கம் உட்கார்ந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார். வெயிலுக்கு என்று நினைத்தேன்.

இறங்கிய இடத்தில் மில் காலனி என்று ஒரு சின்ன ஊரே இருந்தது. வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ். பாதி வீடுகளில் ஓடு இல்லை. மில் நடத்திய பள்ளிக்கூடத்தில் மாட்டுத் தீவனம் அடுக்கியிருந்தார்கள். கூட்டுறவுப் பண்டகசாலையின் போர்டு மட்டும் சுவரில் இருந்தது. கதவு நிலையோடு போய்விட்டது. குடியிருப்பவர்களும் இல்லாமலில்லை. கொடியில் துணி காய்ந்தது, ஒரு சலூன் திறந்திருந்தது. இங்கே இருந்துகொண்டு வேன் ஏறி வேறு மில்களுக்கு வேலைக்குப் போய்வருகிறார்களாம்.

கேட்டில் வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக ஒருவர் நின்று, வருகிறவர்களை விசாரித்து உள்ளே விட்டார். பொன்னுராஜ் என்று பேர். மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். கேட்டைத் திறக்க அனுமதி வாங்கியவரும் அவர்தான்.

"எந்த டிபார்ட்மெண்டு?" என்றார்.

"ரீலிங்," என்றாள் கல்பனா.

"ரீலிங்கா? மில்லு மூடுறப்ப நீ பாவாடை கட்டிக்கிட்டுல்ல திரிஞ்சிருப்ப?"

"நான் இல்லைங்கய்யா. எங்கம்மா."

"அப்படிச் சொல்லு. போங்க, போங்க. பானை பொங்கறதுக்குள்ள போங்க."

உள்ளே கட்டடங்களில் மெஷின் எதுவும் இல்லை. தரையில் போல்ட் பதித்திருந்த குழிகள்தான் இருந்தன. எல்லாவற்றையும் தாண்டிக் கடைசியில் ரீலிங் ஷெட். நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற வேலை அங்கே நடந்தது. அந்த ஒரு டிபார்ட்மெண்டில்தான் முழுக்கப் பெண்கள். ஷெட்டுக்கு முன்னால் வேப்பமரம், அதன் அடியில் ஒரு கல். கல்லுக்குப் பட்டுப் பாவாடை கட்டிக் கண்ணாடி வளையல் அடுக்கியிருந்தார்கள். மரத்தின் கிளை முழுக்க மஞ்சள் கயிறு. சுற்றிலும் பெண்கள் அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் சுவரோரமாக மஞ்சள் நிற ஜேசிபி நின்றது. அதன் கொம்பில் யாரோ மாலை போட்டிருந்தார்கள்.

கல்லுக்கு மேலே தகரப் பலகையில் எழுதியிருந்ததை நான் வாய்விட்டுப் படித்தேன்.

"அருள்மிகு கன்னி மாரியாத்தாள் துணை."

படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அத்தை பேர் மாரியாத்தாள். திரும்பிப் பார்த்தேன். அத்தை நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

கல்பனா பலகையைப் பார்க்கவில்லை. அவள் கல்லைத்தான் பார்த்தாள். நேராகப் போய், அடுப்பு ஊதிக்கொண்டிருந்த பெண்களிடம், "இது எங்கம்மா. நான் அவிய மக. பிடிமண் எடுத்துட்டுப் போக வந்திருக்கேன்," என்றாள்.

ஊதுவது நின்றது. ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி, "சிரிக்காதட்டி, சாமி முன்னால," என்று அதட்டினாள்.

"ஏம்மா, இது கன்னித் தெய்வம்மா. போர்டப் பாரு. கல்யாணமாகாத பிள்ளைக்கு மக எங்குட்டு வந்துச்சு?"

"எங்க மக ஜாதகம் எம்புட்டு நாளு தட்டிப்போச்சு தெரியுமா? இவகிட்ட கயிறு கட்டித்தான் எடம் அமைஞ்சுது. நீ வந்து மகங்கிற."

பேச்சுக் கேட்டுப் பொன்னுராஜ் வந்துவிட்டார். அவர் சத்தம் போடவில்லை.

"தங்கச்சி, இந்த மில்லுல கல்யாணமானவகள ரீலிங்குல எடுக்கவே மாட்டாக. எடுத்தா பிள்ளைப்பேறு லீவு, அது இதுன்னு கேப்பாகன்னு அம்புட்டுக் கண்டிஷன். மாரியாத்தாவ எனக்குத் தெரியும். ஒரு நாள் வேலைக்குப் பிந்தி வந்ததில்ல. கழுத்துல ஒரு கருகமணி கூடக் கிடையாது. மண்ணு இன்னைக்கு நாங்க எடுக்கிறோம். காலனியில பீடம் கட்டியாச்சு. அவ எங்ககூட வாரா. நீங்க வேற எங்கயாச்சும் விசாரிங்க."

கல்பனா கல்லுக்கு மேலே நிமிர்ந்து பார்த்தாள். அப்போதுதான் அவளும் பலகையைப் படித்தாள். நான் இருவரையும் அழைத்துக்கொண்டு ஷெட்டின் பக்கவாட்டுக்கு வந்தேன். அங்கே அத்தை சொன்னார். கீழே உட்கார்ந்து, எங்களைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மழ இல்லாத வருசம். உங்கப்பாவுக்குக் கூலி கூடக் கிடைக்கல. அப்ப சோழபுரத்துல இருந்தோம். மில்லுல கல்யாணமாகாத பிள்ளைகளத்தான் எடுத்தாக. எனக்குப் பேரு பதிஞ்சு வந்துச்சு. நான் அப்ப சீக்காளி, பஞ்சுத் தூசி ஒத்துக்கிடாது. அக்கா தாலியக் கழட்டி அரிசிப் பானைக்குள்ள போட்டா. எம்பேரச் சொல்லிக்கிட்டுப் போயிட்டா."

"நீ?" என்றாள் கல்பனா.

"நான் உன்னய வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள கெடந்தேன். எம்பேரு மில்லுக்குப் போயிருக்கையில நான் தெருவுல நிக்க முடியுமாட்டி? நீ அழுதாக்கூட வாசலுக்குத் தூக்கிட்டு வரமாட்டேன். அக்கா வந்து கதவத் தட்டுனாத்தான் வெளிச்சம் பாப்பேன். பொறவு ஒரு நாளு, செத்தது மாரியாத்தான்னு ஆள் வந்து சொன்னாக. நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன்."

அன்றைக்கு ராத்திரியோடு ஊரைவிட்டு சுந்தரபாண்டியத்துக்கு வந்துவிட்டார்களாம். மேளமில்லாமல் கல்யாணம். கருத்தையா ஏன் மில் பேச்சை எடுக்கவிடவில்லை என்பது எனக்கு இப்போதுதான் விளங்கியது.

கல்பனா அழவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"உம்பேருக்குப் பொங்க வைக்காக. உம்பேருக்குப் பட்டுப் பாவாடை. எங்கம்மாவுக்கு இங்க ஒரு சூடம் உண்டா சித்தி? கல்லுல கூட அவ பேரு இல்ல."

"நான் கேட்டனாட்டி?"

"வா. வந்து அவிய முன்னால சொல்லு. நான்தான் மாரியாத்தா, உசிரோட இருக்கேன்னு சொல்லு. பொறவு யாரு மண்ணெடுக்கான்னு பாப்போம்."

அவள் அத்தையின் கையைப் பிடித்து இழுத்தாள். அத்தை எழுந்திருக்கவில்லை. எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகப் பட்டது. கல்பனா சொல்லச் சொன்னது உண்மை. ஆனால் சொன்ன மாத்திரத்தில் அந்த வேப்பமரத்துக் கயிறுகள் எல்லாம் என்ன ஆகும்? அதைக் கட்டியவர்கள் அங்கேதான் அடுப்படியில் இருந்தார்கள்.

அப்போது ஷெட்டின் பின்பக்கமாக ஒரு பெண் சொம்போடு வந்தார். அறுபதை ஒட்டிய வயது. கோயில் பூசையை அவர்தான் பார்க்கிறார் என்பது நெற்றி நிறைய இருந்த திருநீற்றில் தெரிந்தது. எங்களைக் கடந்து போய், ஷெட்டின் பின்சுவரோரம், செங்கல் பெயர்ந்த ஒரு மூலையில் சொம்பிலிருந்த பாலை ஊற்றினார். கல்லுக்கு ஊற்றாமல் இங்கே ஏன் ஊற்றுகிறார் என்று நான் யோசிப்பதற்குள் அவரே திரும்பி வந்து கல்பனா முன்னால் நின்றார்.

"நீதான மகன்னு சொன்னது?"

"ஆமா."

"எம்பேரு செல்வலட்சுமி. நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து மெஷின்." கொஞ்ச நேரம் கல்பனாவின் முகத்தையே பார்த்தார். "டீ குடிக்க மணி அடிச்சா நாங்கள்லாம் கேண்டீனுக்கு ஓடுவோம். அவ மட்டும் இங்குட்டு வருவா. ஒரு நாளு என்னத்த ஒளிக்கான்னு பின்னாலயே வந்து பார்த்தேன். சுவரப் பாத்து நின்னு பாலப் பீச்சிக்கிட்டிருந்தா. ரவிக்கையெல்லாம் நனைஞ்சு போச்சு. பால் கட்டிக்கிட்டா ஷிஃப்டு முடியற வரைக்கும் நிக்க முடியாதுல்ல."

கல்பனா அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கையப் பிடிச்சுக்கிட்டா. 'ஆபீசுல சொல்லிராத செல்வி'ன்னா. பொம்பளப் பிள்ளைன்னும் சொன்னா. அதுக்கு மேல பேரு ஊரு ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல. மத்தவுக கல்லுக்குப் பாலூத்துவாக. நான் இங்க ஊத்துவேன். ஏன்னு கேட்டா, சாமி கனவுல வந்து சொல்லுச்சும்பேன்." தரையில் இருந்த அத்தையைப் பார்த்தார். "நீங்க பேசுனது பின்னால எனக்குக் கேட்டுச்சு. நீங்கதான் அந்தப் பேருக்குச் சொந்தக்காரியா?"

அத்தை தலையசைத்தார்.

"இவ்வளவு நாளா உங்க பேரச் சொல்லிச் சூடங் காட்டியிருக்கேன். மன்னிச்சுக்கிடுங்க."

"குடுத்த பேரத் திருப்பியா கேக்க முடியும்?" என்றார் அத்தை. "வச்சுக்கிடுங்க."

செல்வலட்சுமி கல்பனா பக்கம் திரும்பினார். "உங்கம்மா இங்க நின்னா. உனக்கு உண்டான மண்ணு இந்த மூலையில இருக்கு, அந்தக் கல்லடியில இல்ல. இத எடுத்துக்க. கல்லடி மண்ண நாங்க காலனிக்குக் கொண்டுபோறோம். ஆனா பொன்னுராஜண்ணன்கிட்ட நான் என்ன சொன்னாலும் நீ மறுக்கக் கூடாது. முடியுமா?"

"என்ன சொல்லுவீக?"

"மாரியாத்தாவோட அக்கா மகன்னு சொல்லுவேன். பொய்யில்லயே?"

கல்பனா இத்தனை தூரம் மகள் என்று சொல்லிக்கொண்டு வந்தவள். அந்தக் கூட்டத்தின் முன்னால் ஒரு தடவை அதை நிலைநாட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது எனக்குத் தெரியும். சுவரோரம் போய், பால் ஊறிய மண்ணைச் சற்று நேரம் பார்த்தபடி நின்றாள். பிறகு, "சொல்லுங்க," என்றாள்.

பொன்னுராஜை அழைத்து வந்தார்கள். பின்னாலேயே பெண்களும் கரண்டியோடு வந்துவிட்டார்கள்.

"அண்ணே, இவ மாரியாத்தாவோட அக்கா மக. சித்தின்னா அம்மாதான? அந்த முறையில சொல்லியிருக்கு பிள்ள. ரத்தபாத்தியம். வீட்டுல கல்யாணம். பின்பக்கத்து மண்ணுல ஒரு பிடி எடுத்துக்கிடட்டும்."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் பொன்னுராஜ். குரல் இளகிவிட்டது. கல்பனாவைப் பார்த்து, "அக்கா மகளாம்மா நீ?" என்றார்.

"ஆமா. அக்கா மக," என்றாள் கல்பனா.

"அப்ப இந்தப் பெரியம்மா?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தை எழுந்து நின்று தலையிலிருந்த முந்தானையை எடுத்துவிட்டார்.

"நான் இவ அம்மா."

"பேரு?"

"வெள்ளத்தாய்," என்றார் அத்தை.

கல்பனா சட்டென்று அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். பொன்னுராஜ் கையெடுத்துக் கும்பிட்டார். சாமியின் உடன்பிறந்தவர் அல்லவா! அங்கிருந்த பெண்களில் நாலைந்து பேர் அத்தையின் காலில் விழுந்தார்கள். அத்தை பின்னால் நகர்ந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. மண்ணெடுக்கும்போது இறந்தவரைப் பேர் சொல்லி மூன்று தடவை உரக்கக் கூப்பிட வேண்டும். கூப்பிட வேண்டிய வெள்ளத்தாய் என்ற பேர், அவர்கள் கணக்கில், உயிரோடு எதிரில் நிற்கும் அத்தையுடையது. கல்பனா குனிந்து மண்ணில் கை வைத்தபடி செல்வலட்சுமியை நிமிர்ந்து பார்த்தாள்.

செல்வலட்சுமி புரிந்துகொண்டார். "ஏட்டி, என்ன மரம் மாதிரி நிக்கீக? சாமி புறப்படுது, குலவை போடுங்கட்டி! வலுவாப் போடுங்க!" என்று சத்தம் போட்டார்.

அத்தனை பெண்களும் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். கூரையில்லாத அந்த ஷெட்டுக்குள் சத்தம் போய்ப் போய் மோதியது. கல்பனாவின் வாய் அசைவதைத்தான் பார்த்தேன். பக்கத்தில் நின்ற எனக்கே பேர் காதில் விழவில்லை. செல்வலட்சுமி மூச்சு வாங்க வாங்க, மற்றவர்கள் நிறுத்திய பிறகும் ஒரு குலவை போட்டார்.

கல்பனா மண்ணை முந்தானையில் முடிந்து, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். அதன் பிறகு அவள் பேசவில்லை. பொங்கல் வாங்கிக் கொள்ளக்கூட நிற்கவில்லை. நாங்கள் கேட்டைத் தாண்டும்போது அவர்கள் கல்லைச் சுற்றித் தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். "மாரியாத்தா, வா தாயி" என்று பொன்னுராஜ் கூப்பிடுவது ரோடு வரைக்கும் கேட்டது. அத்தை ஒரு நிமிஷம் நின்றார். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர் ஒருவர் கல்பனாவிடம் கல்யாண வேலை எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று கேட்டார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். "பல் வலி," என்று நான் சொல்லிவைத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தார். கல்பனா அவர் தோளில் சாய்ந்திருந்தாள். இருவரும் எங்கே பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மலை மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

வீட்டில் கார்த்திகா வாசல் தெளித்துக் கோலம் போட்டு வைத்திருந்தாள். வழக்கப்படி, வாசலில் நிற்கிறவரை உள்ளே இருக்கும் பெண் விசாரிக்க வேண்டும். கொண்டு வந்தவர் பதில் சொன்ன பிறகுதான் நிலைப்படி தாண்டலாம்.

"யாரு வந்திருக்கா?" என்றாள் கார்த்திகா.

கல்பனா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அவள் பக்கத்தில் நின்ற அத்தையைப் பார்த்தாள். மில்லில் அத்தை அவ்வளவு பேருக்கு முன்னால் தன்னை வெள்ளத்தாய் என்று சொன்னது அவள் மனதில் ஓடியிருக்க வேண்டும்.

"யாரு வந்திருக்கா?"

"சொல்லுட்டி," என்றார் அத்தை. "இங்க யாருக்குப் பயம்? சொல்லு."

"எங்கம்மா," என்றாள் கல்பனா. தெருவே கேட்கும்படி சொன்னாள். "எங்கம்மா வெள்ளத்தாய் வந்திருக்கா."

"வரட்டும்," என்றாள் கார்த்திகா.

நடுவீட்டில் மணைப்பலகை போட்டு, அதில் புதுச் சேலையை மடித்து வைத்திருந்தோம். கல்பனா முடிச்சை அவிழ்த்து மண்ணைச் சேலையின் மேல் இறக்கினாள். மூத்தவள் வந்து உட்கார்ந்தால் முதலில் விழுந்து கும்பிட வேண்டியது இளையவள். தன் பேரைச் சொல்லித்தான் கும்பிட வேண்டும். நாங்கள் விலகி வழிவிட்டோம்.

அத்தை மெல்லக் குனிந்து, முழங்கால் ஊன்றி, தலையைத் தரையில் வைத்தார். வெகுநேரம் அப்படியே கிடந்தார். தூக்கிவிடப் போன கார்த்திகாவைக் கல்பனா கைகாட்டி நிறுத்தினாள்.

"அக்கா," என்றார் அத்தை, தரையில் முகத்தை வைத்தபடியே. "மாரியாத்தா கும்பிடுதேன்க்கா."